ஒன்றும் வேண்டாதவர்களுக்கான விலை

விலைச்சீட்டின் முன்னால் யார் போய் நின்றாலும் எண் இறங்கியது. ஹேமாவதி நின்றால் மட்டும் ஏறியது.

சீட்டில் ஏதோ கோளாறு என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். வேலூர் ஆற்காடு சாலையில் இருந்த அந்தப் பெரிய கடையில் ஒவ்வொரு பொருளுக்குக் கீழும் உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடிச் சீட்டு ஒட்டியிருந்தது. சீட்டின் மூலையில் கடுகளவு ஒரு கண். ஆள் வந்து நின்றதும் அந்தக் கண் முகத்தைப் பார்க்கும், ஒரு மூச்சு நேரம் யோசிக்கும், பிறகு அந்த ஆளுக்கு உரிய விலையைக் காட்டும். பசுமை விலைச் சட்டம் வந்த நாளிலிருந்து எந்தப் பொருளுக்கும் ஊருக்கெல்லாம் ஒரே விலை என்பது கிடையாது. பூமிக்கு நல்லது செய்கிற பொருள் என்றால் ஆளைப் பார்த்துத் தள்ளுபடி. புகை கக்குகிற பொருள் என்றால் ஆளைப் பார்த்து வரி. எதையும் தடை செய்யவில்லை, வாங்குவதும் வாங்காததும் உங்கள் விருப்பம் என்று அரசாங்கம் பெருமையாகச் சொல்லிக்கொண்டது.

"நீ கொஞ்சம் நவுந்து நில்லும்மா," என்றார் முனிரத்தினம். அரிசி மண்டி வைத்திருப்பவர், ஹேமாவின் எதிர்வீடு. துணைக்கு வருகிறேன் என்று அவராகவே கிளம்பி வந்திருந்தார். அவர் நின்றதும், வீட்டைக் குளிரவைக்கும் வான்பலகையின் விலை சரசரவென்று இறங்கி ஒரு மிக்ஸியின் விலைக்கு வந்து நின்றது.

"பாத்தியா? ஏற்கெனவே மூணு போட்டுட்டேன். நாலாவதையும் சும்மா தூக்கினு போங்கறான்."

ஹேமா நின்றாள். எண் ஏறியது. ஷூ கம்பெனியில் அவள் வாங்கும் சம்பளத்தில் ஏழு மாதத்தை விழுங்கும் தொகையில் போய் நின்று, இன்னும் போதாது என்பதுபோல் கொஞ்சம் மேலே நகர்ந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு நின்றாள். முந்தானையால் தலையை மூடிக்கொண்டு நின்றாள். எண் அசையவில்லை.

"அதுக்கு உன்னைப் பாத்தா மில்லு ஓனர் மாதிரி தெரியுதோ இன்னாவோ," என்றார் முனிரத்தினம்.

"முக்காடு போட்டாலும் அதுக்குத் தெரியும்க்கா," என்றார் கடைக்காரர், சிரிக்காமல்.

"சரி, நானே வாங்கி இவ வூட்ல மாட்டிட்டா?"

"முடியாதுங்க. வாங்கினவர் வீட்டு மீட்டரோட பலகை பேசும். வேற வீடுன்னா ஓடாது."

முனிரத்தினம் தலையைச் சொறிந்தார். அவர் நல்லவர். போன மாதம் பலகையால் குளிர்ந்திருந்த தன் வீட்டுக் கூடத்தில் ஒரு கட்டிலைப் போட்டு, ஹேமாவின் கணவன் யுவராஜை அங்கே படுக்கவைத்துக்கொண்டவர். இரண்டு நாள் எல்லாம் சரியாக இருந்தது. மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குச் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். மூத்திரப் பை தொங்கும் கட்டிலைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லவில்லை. யுவராஜ்தான், "வூட்டுக்குப் போலாம் ஹேமா, எனக்கு அங்கதான் தூக்கம் வருது," என்றான்.

*

யுவராஜுக்கு மார்புக்குக் கீழே வியர்க்காது.

கூரைகளில் சூரியத் தகடு மாட்டுகிற வேலை அவனுக்கு. அதுவும் அரசாங்கத்தின் பசுமைத் திட்டம்தான். ஒரு கல்யாண மண்டபத்தின் கூரையில் தகடு பூட்டும்போது காலடியில் சிமெண்டு ஓடு உடைந்தது. முதுகெலும்பில் அடி. கைகளும் வாயும் தப்பித்தன என்று அவனே சொல்வான். கால் போனது எல்லாருக்கும் தெரிந்தது. வியர்வை போனது முதல் கோடையில்தான் வீட்டுக்கே தெரிந்தது.

"ஒடம்பு ஒரு மண்பானைடி," என்று அப்போது அவளுக்கு விளக்கினான். எதையும் விளக்காமல் அவனால் இருக்க முடியாது. "பானை எப்படித் தண்ணியக் குளிர வெக்குது? வெளிய கசியுது, கசிஞ்சது ஆவியாவுது, ஆவியாவும்போது சூட்டைத் தூக்கினு போவுது. மூளை சேதி அனுப்பினாத்தான் கசியும். நமக்கு நடுவுல ஒயர் அறுந்துபோச்சு. இப்ப நான் பானை இல்ல, எவர்சில்வர் குடம். வெளிய இன்னா சூடோ உள்ளயும் அதே சூடு."

ஆகவே ஹேமாவே அவனுக்கு வியர்வையானாள். ஈரத்துணியால் உடம்பெல்லாம் துடைப்பாள், மேலே மின்விசிறியைச் சுழலவிடுவாள், துணி காய்ந்ததும் மறுபடி நனைப்பாள். ஆனால் அவள் ஷூ கம்பெனிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். பகலில் பக்கத்தில் தண்ணீர்ப் பீய்ச்சியை வைத்துவிட்டுப் போவாள். அவனே பீய்ச்சிக்கொள்வான். வேலூரைச் சுற்றி நிற்கும் பாறைமலைகள் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு மாலையில் திருப்பித் துப்பும். பங்குனியிலேயே விசிறிக் காற்று அடுப்பு வாசல் காற்றாகிவிட்டது. சித்திரை இருக்கிறது. அதன் கடைசியில் கத்திரி இருக்கிறது. இந்தக் கோடை வழக்கத்தைவிடக் கடுமையாக இருக்கும் என்று வானிலைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கத்திரி வெயிலை அவன் உடம்பு தாங்காது என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

வான்பலகை என்ன செய்யும் என்பதையும் யுவராஜ்தான் சொன்னான், கண் மின்ன.

"எல்லாப் பொருளும் சூட்டை வெளிச்சம் மாதிரி வீசிக்கினே இருக்கும், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். காத்து அதைப் பெரும்பாலும் தடுத்துடும். ஆனா ஒரே ஒரு நெறத்த மட்டும் தடுக்காது. அந்த நெறத்துல வீசினா சூடு நேரா ஆகாசத்துக்குப் போயிடும். அங்க இருக்கற குளிரு உனக்குத் தெரியுமா? பலகை அந்த நெறத்துல மட்டும் வீசும். மொட்ட வெயில்லயும் அது ஜில்லுனு இருக்கும். அதுக்குள்ள தண்ணி சுத்தி வந்து அறைக்கூரையக் குளிர வெக்கும். ஏசி மாதிரி நம்ம சூட்டை எதிர்வூட்டு ஜன்னல்ல கொட்டாது. வானத்துல கொட்டும்."

"வானம் வேணாம்னு சொல்லாதா?"

"அது பெரிய வூடுடி. சொல்லாது." பிறகு பீய்ச்சியால் முகத்தில் அடித்துக்கொண்டு கேட்டான். "விலை ஏன் ஏறுதுன்னு யாரையாச்சும் கேட்டியா?"

*

பசுமை உதவி மையத்தில் இருந்தவள் பெயர் நிலோஃபர். ஹேமாவின் வயதுதான் இருக்கும். மேசையில் ஒரு திரை, ஒரு தண்ணீர்க் குவளை, வேறொன்றும் இல்லை. ஹேமா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுத் திரையைத் திருப்பிப் பார்த்தாள். முகம் மாறியது.

"மொதல்ல எல்லாருக்கும் ஒரே தள்ளுபடிதாங்க குடுத்தாங்க," என்று ஆரம்பித்தாள். "இன்னா ஆச்சுன்னா, எப்படியும் வாங்கப்போறவங்களே வந்து மலிவா வாங்கினு போயிட்டாங்க. அரசாங்கப் பணம் கரைஞ்சுது, புகை குறையல. அதனால, தள்ளுபடி குடுத்தா யாரு மனசு மாறுமோ அவங்களுக்கு மட்டும் குடுக்கலாம்னு முடிவு பண்ணாங்க. மனசு மாறிச்சுன்னு எப்படித் தெரியும்? தள்ளுபடியே இல்லாத உலகத்துல அவங்க இன்னா வாங்கியிருப்பாங்கன்னு தெரியணும் இல்லையா?"

"அது யாருக்குங்க தெரியும்?"

"கம்ப்யூட்டருக்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ளே ஒரு நிழல் வீடு கட்டி வெச்சிருக்காங்க. அதே ஆளுங்க, அதே தெரு. இந்தச் சட்டம் மட்டும் அங்க கிடையாது. அவங்க பாட்டுக்கு ஆசைப்படறத வாங்குவாங்க, ஓட்டுவாங்க, எரிப்பாங்க. நிழல் வீட்டுப் புகையில இருந்து நிஜ வீட்டுப் புகையக் கழிச்சா வர்ற மிச்சம்தான் நீங்க பூமிக்குச் செஞ்ச நல்லது. அதுக்கு ஏத்த தள்ளுபடி. உங்க எதிர்வீட்டுக்காரரோட நிழல் வீட்டுல ஏழு ஏசி ஓடுது, ரெண்டு கார் நிக்குது. அவரு பலகை வாங்கினா எவ்வளவு பெரிய தியாகம் பாருங்க."

"எங்க நிழல் வூட்ல?"

நிலோஃபர் திரையைப் பார்த்தாள். "ரெண்டு ஃபேன், ஒரு சின்ன ஃப்ரிட்ஜ். உங்க நிழலும் நிஜமும் ஒண்ணுதாங்க. கழிச்சா மிச்சமே இல்ல. பலகையில தண்ணி சுத்தறதுக்கு ஒரு குட்டி மோட்டார் உண்டு. அந்தக் கரண்டு பூமிக்குப் புதுச் சுமை. அதனாலதான் உங்களுக்கு மட்டும் விலை ஏறுது."

"அப்போ, எதையுமே வாங்காம இருந்தவங்களுக்கு..."

"அவங்ககிட்ட மாத்தறதுக்கு ஒண்ணும் இல்லன்னு சட்டம் நினைக்குது." நிலோஃபர் தண்ணீர்க் குவளையை ஹேமாவின் பக்கம் நகர்த்தினாள். "ஆனா இவ்வளவு வெறுமையான நிழல் வீட்ட நான் பாத்ததில்லீங்க. கணக்கெடுக்க வந்தப்போ நீங்க இன்னா சொன்னீங்கன்னு கேக்கறீங்களா?"

ஒரு பொத்தானை அழுத்தினாள். ஹேமாவின் குரல் வந்தது. எட்டு வருடத்துக்கு முந்தைய குரல், சிரிப்போடு: "எங்களுக்கு இன்னாங்க கொற? ஒண்ணும் வேணாம். இருக்கறதே போதும். நீங்க மோர் குடிங்க மொதல்ல."

ஹேமாவுக்கு அந்த மதியம் நினைவுக்கு வந்தது. காசு இருந்தால் உங்கள் வீட்டுக்கு என்னவெல்லாம் வாங்குவீர்கள் என்று, வெயிலில் கறுத்துப்போன ஒரு பெண் வாசலில் நின்று கேட்டாள். தெருவே வேடிக்கை பார்த்தது. முன்பின் தெரியாதவர் வந்து உனக்கு என்ன இல்லை என்று கேட்டால் மானமுள்ள வீட்டில் வேறென்ன பதில் வரும்? அன்றைக்கு முனிரத்தினம் மட்டும் தெருவே கேட்கும்படி, "ரூமுக்கு ஒரு ஏசி எழுதிக்கம்மா, மாட்டுக்கொட்டாய்க்கு ஒண்ணு சேத்து!" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவரிடம் மாடே கிடையாது.

கம்ப்யூட்டர் இருவரையும் நம்பிவிட்டது.

"இப்ப மாத்திச் சொல்றேங்க. வேணும்னு சொல்றேன்."

"வாயால சொல்றத எடுத்துக்கறத நிறுத்திட்டாங்க. விஷயம் தெரிஞ்சதும் எல்லாரும் பொய் சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. காட்பாடில ஒருத்தர் கப்பல் வேணும்னு எழுதிக் குடுத்திருக்காரு."

"எங்க வூட்டுக்காரருக்கு ஒடம்பு முடியலன்னு டாக்டர் சீட்டு இருக்குங்க."

"நோய் விவரம் நிழல் வீட்டுக்குள்ள போகக் கூடாதுன்னு தனிச் சட்டம் இருக்குங்க. யாரோட வியாதியையும் கடைக்காரன் தெரிஞ்சிக்கக் கூடாதுன்னு நல்ல எண்ணத்துல போட்டது. நலத்துறையில கேட்டா சக்கர நாற்காலி குடுப்பாங்க. குளிர்ச்சி அவங்க பட்டியல்ல சொகுசு."

ஹேமா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிழல் வீடு என்பது சில கட்டங்களும் இரண்டு புள்ளிகளும்தான். ஒரு புள்ளி வீட்டுக்குள் இருந்தது. இன்னொன்று வீட்டில் இல்லை.

"இவரு எங்கங்க?"

நிலோஃபர் மற்றப் புள்ளியைத் தேடித் தொட்டாள். "வேலைக்குப் போயிருக்காரு," என்றாள்.

"நடந்தா?"

"கம்பெனி வண்டியில."

"எப்ப வருவாரு?"

"சாயந்திரம் வந்துடுவாருங்க."

ஹேமா குவளைத் தண்ணீரைக் குடித்தாள். பிறகு நிலோஃபர் தாழ்ந்த குரலில் சொன்னாள். "மாத்தறதுக்கு என்கிட்ட பட்டன் இல்லீங்க. விளக்கிச் சொல்றதுக்கு மட்டும்தான் இங்க உக்கார வெச்சிருக்காங்க. ஆனா ஒண்ணு. வாய் சொல்றத எடுத்துக்கறதில்லையே தவிர, கண்ணு சொல்றத எடுத்துக்கும். கடையில புகைப் பொருள் முன்னாடி நீங்க நிக்கும்போது சீட்டு உங்களப் பாக்குது. கண்ணு பாவை எப்படி விரியுது, மூச்சு எங்க நிக்குது, காலு எந்தப் பக்கம் திரும்புதுன்னு. ஆசைன்னு தோணிச்சுன்னா அன்னைக்கே நிழல் வீடு அந்தப் பொருளத் தவணையில வாங்கிடும். அங்க புகை ஏறினா இங்க உங்க விலை இறங்கும். தவணை கட்டலன்னு அங்க யாரும் கதவத் தட்டப் போறதில்ல."

*

ஞாயிற்றுக்கிழமை ஹேமா நல்ல புடவை கட்டிக்கொண்டு ஆசைப்படக் கிளம்பினாள்.

யுவராஜ் கட்டிலில் இருந்தபடியே பாடம் எடுத்தான். "கண்ண அகலமா வை. வாய லேசாத் தொற. இப்படி இல்ல, இது பல்லு புடுங்கப் போறவ மூஞ்சி. கல்யாணத்துக்கு முன்னாடி என்னப் பாப்பியே, அப்படி பாரு."

"அப்ப நான் ஒன்ன எங்க பாத்தேன் மாமா? ஒன் வண்டியத்தான் பாத்தேன்."

கடையில் பழைய ரக ஏசிகள் ஒரு மூலையில் புகைவரியைச் சுமந்துகொண்டு வரிசையாக நின்றன. பெரியதன் முன்னால் போய் நின்றாள். கண்ணை விரித்தாள். பெருமூச்சு விட்டாள். தொட்டுப் பார்த்தாள், விலை கேட்டாள், ஒருமுறை "அய்யோ, எவ்ளோ அழகு" என்றுகூடச் சொன்னாள். கடைக்காரர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு வான்பலகையின் முன்னால் போய் நின்றாள். எண் ஏறியது.

மறு வாரமும் போனாள். அதற்கடுத்த வாரமும். போனில் கேட்டபோது நிலோஃபர் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "சீட்டு உங்களப் பாத்திருக்குங்க. ஆசைன்னு பதியல. பயம்னு பதிஞ்சிருக்கு."

அது பொய் இல்லை. ஏசியைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கண்ணுக்குத் தெரிந்தது சித்திரை வெயிலில் தனியாகப் படுத்திருக்கும் யுவராஜ்தான். அவளுக்கு ஏசி வேண்டியிருக்கவில்லை. அவன் சாகாமல் இருக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் கடுகளவு கண்ணுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. பயந்தவர்கள் வாங்குவதில்லை, ஆசைப்பட்டவர்கள்தான் வாங்குகிறார்கள் என்று லட்சக்கணக்கான முகங்களைப் பார்த்து அது கற்றுவைத்திருந்தது.

சித்திரை நடுவில் ஒரு நாள் அவள் கம்பெனியில் இருந்தபோது முனிரத்தினத்திடமிருந்து போன் வந்தது. தண்ணீர்ப் பீய்ச்சி கட்டிலுக்குக் கீழே விழுந்திருக்கிறது. கை எட்டவில்லை. கூப்பிட்டும் இருப்பான், தெருவில் எல்லா ஜன்னல்களும் வெயிலுக்குப் பயந்து அடைத்திருந்தன. சாவியை வாங்கி வைத்திருந்த முனிரத்தினம் மோர் கொடுக்கப் போனபோது யுவராஜ் அங்கே இல்லாத யாரிடமோ உடைந்த கூரை ஓடு பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். காய்ச்சல்மானி நூற்று நாலைத் தாண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் அக்குளிலும் தொடையிடுக்கிலும் பனிக்கட்டி வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஹேமாவைத் தனியாக அழைத்துச் சொன்னார், இன்னொரு தடவை இப்படி வந்தால் மூளை தாங்காது என்று.

*

அன்று அவள் கடைக்குப் போனது நடிப்பதற்கு அல்ல. தவணைக்கு ஏதாவது வழி உண்டா என்று கெஞ்சிப் பார்க்கத்தான் போனாள். கடைக்காரர் யாரோ ஒரு வாடிக்கையாளருக்குத் துணி துவைக்கும் இயந்திரம் ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தார். துவைத்து, பிழிந்து, சூட்டுக் காற்றில் காயவைத்து மடிக்கிற பக்குவத்தில் கொடுக்கும் ரகம். கரண்டைக் குடிப்பதில் பேர்போனது. புகைவரி இயந்திரத்தின் விலையைவிடப் பெரிது. வட்டக் கண்ணாடிக்குள் ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பு புரண்டுகொண்டிருந்தது.

ஹேமா நின்றாள்.

தினமும் விடியற்காலையில் யுவராஜின் விரிப்பை அவள் துவைக்கிறாள். சில நாள் இரண்டு. குழாயடியில் குந்தி, நாற்றம் போகும்வரை கசக்கி, தனியாளாக முறுக்கிப் பிழிந்து மாடிக்குத் தூக்கிப் போவாள். மழைக்காலத்தில் அரைகுறையாகக் காய்ந்த விரிப்பைப் போட வேண்டி வரும். ஈரம் பட்டால் அவன் முதுகு புண்ணாகிவிடும் என்று தோசைக்கல்லின் மேலே விரித்துப் பிடித்துக் காயவைத்திருக்கிறாள். இதற்கென்று ஒரு இயந்திரம் இருப்பது அவளுக்குத் தெரியும். அது தன் வீட்டுக்கு வரும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. நினைக்காததால் வலித்ததும் இல்லை.

"தொட்டுப் பாருங்கக்கா," என்றார் கடைக்காரர், கதவைத் திறந்து.

விரிப்பு சூடாக இருந்தது. காய்ந்திருந்தது. அவள் அதை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கடைக்காரர் மெல்லக் கனைத்ததும் மடித்துக் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் வான்பலகையின் பக்கம் திரும்பினாள்.

எண் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றில் ஒரு பங்கு இறங்கி நின்றது.

*

"அது போதாது மாமா. இன்னும் எறங்கணும். ஒனக்கு இன்னா வேணும்னு சொல்லு," என்றாள் வீட்டுக்கு வந்து.

"எனக்கு இன்னா வேணும். ஒண்ணும் வேணாம்."

"அதையே சொல்லாத. அதைச் சொல்லித்தான் இங்க வந்து நிக்கறோம்."

யுவராஜ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவனால் முழுசாகத் திரும்ப முடியாது, தலை மட்டும். "ஆசைய எல்லாம் அந்த மண்டபத்துக் கூரையிலயே வுட்டுட்டு வந்தேன்டி," என்றான். "திரும்பப் போயி எடுத்தா, அப்புறம் எங்க வெக்கறது?"

ஹேமா போனை எடுத்தாள். முனிரத்தினத்தை அழைத்து வண்டி ஏற்பாடு செய்யச் சொன்னாள்.

கடையில் சக்கர நாற்காலியை அவள் ஏசிகளைத் தாண்டித் தள்ளினாள், இயந்திரங்களைத் தாண்டித் தள்ளினாள். எங்கே போகிறாள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. "வேணாம் ஹேமா," என்றான். அவள் நிற்கவில்லை. கடையின் கடைக்கோடியில் பெட்ரோலில் ஓடும் இருசக்கர வண்டிகள் நான்கைந்து நின்றன. பெரும் பணக்காரர்கள் மட்டும் வரியைக் கட்டி விளையாட்டுக்கு வாங்குபவை. ஒன்று கறுப்பு. அவன் முன்பு ஓட்டிய வண்டிக்குப் பின்வந்த ரகம். அந்த வண்டியில்தான் கல்யாணமான புதிதில் ஏலகிரி ஏறினார்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவள் அலற, அவன் வேண்டுமென்றே சாய்த்தான்.

நாற்காலியை அதன் பக்கத்தில் நிறுத்திவிட்டு ஹேமா விலகி நின்றாள். முனிரத்தினம் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

யுவராஜ் முதலில் தரையைப் பார்த்தான். பிறகு சக்கரத்தை. பிறகு பெட்ரோல் டேங்கை. கை தானாக நீண்டு கைப்பிடியைப் பிடித்தது. இடது கை விரல்கள் கிளட்சை மெல்ல இழுத்து மெல்ல விட்டன. மறுபடி இழுத்தன. அவனுடைய இடது தோள் இலேசாக முன்னே சாய்ந்தது. கியர் போடும் கால் சாயவேண்டிய பக்கம். கால் வரவில்லை. நெற்றியில் மட்டும் வியர்வை பொடித்து இறங்கியது. சீட்டின் மூலையில் அந்தக் கடுகளவு கண் அவனை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"கிளட்ச் கொஞ்சம் லூசா இருக்கு," என்றான் யாரிடமோ.

எங்கேயோ ஒரு கம்ப்யூட்டருக்குள், ஒரு வீட்டு வாசலில், ஒரு கறுப்பு வண்டி வந்து நின்றிருக்கும். வேலை முடிந்து திரும்பும் ஒருவன் அதன்மேல் ஏறி முறுக்கியிருப்பான்.

வான்பலகையின் விலை அன்று சாயங்காலம் ஒரு மிக்ஸியின் விலைக்கு வந்தது. வாங்கினார்கள்.

*

கத்திரி முழுவதும் வீடு குளிர்ந்திருந்தது. கூரையிலிருந்து குளிர்ச்சி நிலவொளிபோல் சத்தமில்லாமல் இறங்கியது. யுவராஜுக்குக் காய்ச்சல் வரவில்லை. பலகை எந்த நிறத்தில் சூட்டை வீசுகிறது என்று வருபவர்களுக்கெல்லாம் விளக்கினான். விளக்கி முடித்த பிறகு சில சமயம் கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பான். இடது கை விரல்கள் போர்வையின்மேல் எதையோ இழுத்து இழுத்து விடும். ஒருமுறை கேட்டான், "அந்தக் கறுப்பு வண்டி வித்துடுச்சா, பாத்தியா?"

"வித்திருக்கும் மாமா."

ஹேமா குழாயடியில் விரிப்பு துவைத்தாள். முன்பெல்லாம் துவைக்கும்போது அவள் மனதில் ஒன்றும் ஓடாது. இப்போது ஒவ்வொரு கசக்கலுக்கும் அந்தச் சூடான துணியின் வாசனை வந்தது. நிழல் வீட்டில் ஒருத்தி இந்நேரம் பொத்தானை அழுத்திவிட்டுத் தூங்கப் போயிருப்பாள். அவளுக்குத் துவைக்க இவ்வளவு விரிப்பு இருக்காது என்பதும் ஹேமாவுக்கு நினைவு வந்தது.

ஆடி மாதத்தில், பலகைக்குத் தண்ணீர் வடிகட்டி வாங்கக் கடைக்குப் போனபோது வான்பலகை வரிசையில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கட்டட வேலை செய்கிறவள் போலிருந்தாள், புடவையில் சிமெண்டுக் கறை. இடுப்பில் ஒரு குழந்தை, உடம்பெல்லாம் வேர்க்குரு. அவள் சீட்டின் முன்னால் நிற்பதும் விலகுவதும் மறுபடி நிற்பதுமாக இருந்தாள். எண் ஏறியது. முக்காட்டை எடுத்துவிட்டு நின்றாள். எண் ஏறியது.

ஹேமாவைப் பார்த்து, "இது கெட்டுப்போச்சாக்கா?" என்று கேட்டாள்.

"இல்லமா. நல்லாத்தான் வேலை செய்யுது."

"எங்க தெருவுல ஒருத்தருக்கு எறங்கிச்சாம். எப்படி எறக்கறதுன்னு தெரியுமாக்கா?"

ஹேமா குழந்தையைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, எதையும் கேட்டுப் பழகாத அமைதியான முகம். ஒரு கணம், தெரியாது என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. பிறகு சொன்னாள்.

"வாங்க வந்த பொருள் முன்னாடி நிக்காத. ஒனக்கு உண்மையா வேணும்னு இருந்து, கெடைக்கவே கெடைக்காதுன்னு வுட்ட பொருள் ஏதாச்சும் இந்தக் கடைல இருக்கும். அது முன்னாடி போயி நில்லு. தொடு. அழுக வந்தா அடக்காத. நல்லா ஆசைப்பட்டுட்டு இங்க வா, எறங்கியிருக்கும்."